லைசென்ஸ் உள்ள துவக்கு

எட்டு வயதில் நான் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு ஆளாக இருந்தேன். இருவரும் அண்ணன் தங்கை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். அண்ணனுக்குச் சுடுகிற துவக்கு ஒன்று வேண்டும். தங்கைக்கு அது வேண்டாம். இரண்டு பேருமே அந்த அலுவலுக்கு என்னைத்தான் நம்பியிருந்தார்கள். நீ யாருடைய கட்சி என்று அன்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

அண்ணன் என் மாமா, தங்கை என் அம்மா. எண்பதுகளின் பிற்பகுதியில் அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து, ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் மாமாவின் வீட்டில் ஒதுங்கியிருந்தோம். அப்பா ஏதோ பேப்பர் அலுவலாகக் கொழும்பில் நிற்கிறார், முடிந்ததும் வந்துவிடுவார் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். மாமா வெகுகாலத்துக்கு முன்பே படிக்க வந்து, கவுன்சிலில் வேலையெடுத்து, தனிக்கட்டையாகவே நாற்பத்தைந்து வயதை எட்டியவர். ஊரிலிருந்து பெண்களின் படங்கள் வந்தபடிதான் இருந்தன. ஒருத்திக்கு நெற்றி அகலம், இன்னொருத்திக்குப் படிப்பு அதிகம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் கோயிலுக்குப் போகிறபோது மாமா சுடப் போவார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பொலிஸ் கொடுத்த லைசென்ஸ் இருந்தால் கைத்துவக்கு வைத்திருக்கலாம். கிளப்பில் சேர்ந்து, கடதாசியில் அச்சடித்த வட்டங்களைச் சுடலாம். மாமா அதுவரை கிளப்பின் துவக்குகளால்தான் சுட்டுக்கொண்டிருந்தார். சொந்தமாக வாங்குவதென்றால் ஒன்றே ஒன்றைத்தான் வாங்குவது என்று ஒற்றைக்காலில் நின்றார். அது, நடுவில் மடங்கித் திறந்து, சுட்ட தோட்டாக்களின் கோதுகளைத் தானே வெளியே தள்ளுகிற பழைய பிரிட்டிஷ் ரிவோல்வர். சிப்பாய்களுக்கென்று செய்தது எங்கும் கிடைக்குமாம். போட்டியில் சுடுகிறவர்களுக்கென்று நீளக் குழல் வைத்துச் செய்தது லேசில் கிடைக்காதாம். மாமாவுக்கு அந்தக் கிடைக்காததுதான் வேண்டும்.

தன்னைச் சேகரிப்பாளர் என்றுதான் அவர் சொல்லிக்கொள்வார். சேகரித்திருந்தது ஒரு தோல் உறை, குழல் துடைக்கும் கம்பி ஒன்று, மூன்று பழைய விலைப்பட்டியல் புத்தகங்கள். அவற்றோடு மாடியறைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு இரும்பு அலுமாரி. அதற்குள் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மா வீடு முழுவதும் கூட்டித் துடைப்பார். அந்த அலுமாரிக்குக் கிட்டப் போகமாட்டார்.

அலுமாரியைப் பார்வையிட ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். தன் தொப்பியை என் தலையில் வைத்துச் சிரித்தார். அலுமாரியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, எங்கள் பெயர்களை எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். அவர் போகும்வரை அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. போன பிறகு, கையைத் துடைத்தபடி வந்து, என்ன எழுதினவர் என்று மாமாவைக் கேட்டார்.

“எல்லாம் முறைப்படி, தங்கச்சி. என்ரை பேர், விலாசம், இனி வாங்கப்போற துவக்கின்ரை நம்பர் எல்லாம் பொலிஸின்ரை புத்தகத்திலை இருக்கும். ஒளிப்பு மறைப்பு ஒண்டும் இல்லை. பிறகேன் பயப்பிடுறாய்?”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவர் ஆறுதல் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வெளிறிக்கொண்டே போனது. குசினிக்குள் போய், ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை மறுபடியும் கழுவினார். மாமா என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். நானும் குலுக்கினேன்.

அம்மா என்னை வேலைக்கு அமர்த்தியது அந்த வாரம்தான். மாமாவின் வீட்டில் இருந்துகொண்டு, மாமாவின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, மாமாவிடம் வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. அதனால் நான்.

“சனிக்கிழமையிலை மாமா துவக்குப் பாக்கப் போகேக்கை நீயும் போ. வாங்கப்போறார் போலை இருந்தா, வயித்துக்குத்து எண்டு சொல்லி அழு. விளங்குதோ?”

“ஏன் அம்மா?”

“அது வீட்டுக்கு வரக்கூடாது.”

அதற்குமேல் விளக்கம் இல்லை. நானும் வாறேன் என்று கேட்டபோது மாமா மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ மகிழ்ந்துபோனார். ஏன் என்று முதற்கடையிலேயே தெரிந்தது. கடைக்காரர் மாமாவை ஏற இறங்கப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும் அவர் முகம் கதவு போலச் சாத்திக்கொண்டது. தொலைக்காட்சிச் செய்தியில் எங்கள் நாட்டைப் பார்த்திருப்பார் போல. மாமா பதறவில்லை. என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். கோட்டுக்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்து மேசையில் விரித்தார். கடைக்காரர் அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதை வாசித்தார். பிறகு கதிரை வந்தது, எனக்கு பிஸ்கட் வந்தது, மாமாவுக்கு “சேர்” பட்டமும் வந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளிலும் எனக்குப் பள்ளிக்கூடச் சீருடையும் இரட்டைப் பின்னலும்தான். எங்கே போனாலும் இதே கதை. முதலில் சந்தேகம், பிறகு அந்தத் தாள், பிறகு சிரிப்பு. “பாத்தியோ பிள்ளை, பேப்பர் சரியா இருந்தா ஒருத்தனும் எங்களை ஒண்டும் செய்யேலாது,” என்று காரில் திரும்பும்போது மாமா சொல்வார். நான் அதை அப்படியே நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணமும் இல்லை, கண்ணால் கண்டதுதானே.

வயிற்றுக்குத்து அலுவல்தான் எனக்குச் சரிவரவில்லை. எப்போது தொடங்குவதென்று தெரியாது. மாமா குனிந்து, ஒரு கண்ணை மூடி, பூதக்கண்ணாடியால் துவக்கின் நம்பர்களைப் பார்ப்பார். அதோ வாங்கப்போகிறார் என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவேன். அதே நேரம் அவர் நிமிர்ந்து, குழலில் ஒரு நம்பர், தோட்டா போடுகிற சக்கரத்தில் வேறு நம்பர் என்பார். ஒன்றுக்குச் சக்கரத்தின் பின்பக்கத்தை யாரோ அராவியிருந்தார்கள். ஒன்றுக்குப் புதுப்பூச்சு. பெண் பார்த்தவருக்குத் துவக்கிலா நொட்டை கண்டுபிடிக்கத் தெரியாது? என் வேலையை அவரே செய்துகொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய், இன்றைக்கும் நிப்பாட்டிப்போட்டேன் என்று அம்மாவிடம் வெட்கமில்லாமல் சொல்லி சொக்லேட் வாங்கித் தின்றேன்.

இப்படி ஏறக்குறைய ஒரு வருடம் போனது. ஒரு சனிக்கிழமை லூயிஷாமில் ஒரு வீட்டுக்குப் போனோம். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர், மகளோடு இருக்கப் போவதால் தன் துவக்கை விற்கவிருப்பதாகக் கிளப்பின் பலகையில் எழுதிப் போட்டிருந்தார். கோப்பை துடைக்கும் துணியொன்றில் சுற்றி வைத்திருந்ததை மேசையில் விரித்தார். நீளக் குழல்.

மாமா கதிரையின் நுனியில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். மூன்று இடத்திலும் ஒரே நம்பர். சக்கரம் அராவப்படவில்லை. பூச்சு பழையது. குழலை ஜன்னல் பக்கம் பிடித்து, என்னையும் உள்ளே பார்க்கச் சொன்னார். உள்ளே கோடுகள் முறுக்கிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிப் போயின; ஒரு துரும்பு அழுக்கு இல்லை. மாமா திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். நொட்டை ஒன்றும் அகப்படவில்லை.

நான் வேலைசெய்யவேண்டிய உண்மையான நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறந்தநாளன்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தில்தான் அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரை கண்டிருக்கிறேன். என்னால் அதைக் கெடுக்க முடியவில்லை. அம்மாவுக்குத் துரோகம் செய்கிறேன் என்று தெரிந்துகொண்டேதான் வாயை மூடினேன். கிழவர் பேனாவை எடுத்து, மாமாவின் லைசென்ஸில் துவக்கின் நம்பரை நிதானமாக எழுதி ஒப்பம் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா துவக்குப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தார். அம்மா வந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் நினைத்தபடி அவர் கத்தவில்லை. துவக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த லைசென்ஸை எடுத்து, புதிதாக எழுதிய வரியில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“இது இனிப் பொலிஸுக்கும் போகுமோ, அண்ணை?”

“ஓம். நானே அறிவிக்கோணும். சட்டம் அப்பிடி.”

அம்மா கதிரையில் உட்கார்ந்தார். பிறகு மாமாவைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துப் பேசினார்.

“அவரிட்டையும் லைசென்ஸ் இருந்தது. வவ்வால் கலைக்கிற துவக்குக்கு. அரசாங்கக் கச்சேரியிலை பதிஞ்சு, வருஷா வருஷம் புதுப்பிச்சு வைச்சிருந்தவர். துவக்கை இயக்கப் பெடியள் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயிட்டாங்கள். பிறகு ஆமி வந்தது, லிஸ்டோடை. லிஸ்டிலை எங்கடை வீடு இருந்தது. துவக்கு எங்கை எண்டாங்கள்.”

“நீ எனக்கு இதைச் சொல்லேல்லையே,” என்றார் மாமா.

“கடிதத்திலை எழுதேலுமோ? இஞ்சை வந்த பிறகு சொல்ல மனம் வரேல்லை. லைசென்ஸைக் காட்டி விளக்கம் சொல்லிப்போட்டு வாறன் எண்டு, சேர்ட்டை மாத்திக்கொண்டு அவங்களோடை போனவர். ரெண்டு வருஷமாகுது. நீங்களும் அப்பிடிப் போயிடாதேங்கோ, அண்ணை. ஆரும் லிஸ்டோடை வந்து கேட்டா, நான் போறன்.”

மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரிய ஆண் ஒருவர் அழுவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. வயிற்றுக்குத்து என்று நான் சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திராது என்று எனக்கும் அழுகை வந்தது. அப்போதுதான் அம்மா சொன்னதில் ஒரு நல்ல செய்தி இருப்பது பிடிபட்டது.

“அம்மா, அப்பாட்டையும் லைசென்ஸ் இருக்கோ?”

“ஓம்.”

“அதைக் கையிலை கொண்டோ போனவர்?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப பிரச்சினை இல்லைத்தானே. பேப்பர் இருந்தா ஒருத்தனும் ஒண்டும் செய்யேலாது எண்டு மாமா சொன்னவர். காட்டினா விட்டிடுவினம். என்ன மாமா?”

ஒரு வருடமாக நானே பார்த்தது. எத்தனை கடைகள், எத்தனை சாத்திய முகங்கள். அந்தத் தாளை விரித்ததும் எல்லாம் எப்படிச் சிரித்தன! மாமாதான் தலையாட்டவேண்டும் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டியை மூடினார். அதை அவர் மறுபடி திறந்து நான் காணவில்லை. ஒரு வாரத்துக்குள் அது வீட்டில் இல்லாமற் போனது. அம்மா என்னை இழுத்துத் தன் மடியில் வைத்து, நோகும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர்களுக்கு இவ்வளவு சுலபமான விஷயம் ஏன் விளங்கவில்லை என்று நான் ஆச்சரியப்பட்டேன். எனக்கோ பெரிய நிம்மதி. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் என் டீச்சரிடம் சொன்னேன்: அப்பாவிடம் எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிறது, அவர் கெதியில் வந்துவிடுவார். டீச்சரும் என்னோடு சேர்ந்து சந்தோஷப்பட்டார்.