பல்லில்லாத பாஸ்டரின் ஜெபம்

டாக்டர் கோஜோ அமன்குவாவுக்கு அவருடைய சபையாரே வைத்த பெயர் பல்லில்லாத பாஸ்டர். கானாவில் அவர் பிறந்த ஊர்ச் சபைகளில், எதிரி சாகவேண்டும் என்று பெயர் சொல்லி ஜெபிப்பது சாதாரணம். அது கூடவே கூடாது என்று தலையணை கனத்துக்கு ஆராய்ச்சி எழுதி, இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர். பிறகு எதிரியைக் கடிக்கப் பல் ஏது? அந்தப் பட்டத்துக்குத் துபாயில் கிடைத்த வேலை, அல் குசைஸில் ஒரு குடோனில் சரக்கு சரிபார்ப்பது. ஞாயிறு மாலைகளில் சர்ச் வளாகத்து வாடகை அறையில் பிரசங்கம் செய்வார். தமிழர்களும் வருவதால் நர்ஸ் பிரபாவதி பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பாள். சாபம்தான் கூடாதே தவிர, ஆமென் மட்டும் அறை அதிர வேண்டும். யாராவது முனகினால் விடமாட்டார், மறுபடி சொல்லச் சொல்வார்.

போன ஆகஸ்டில், துபாயிலேயே கட்டட வேலை பார்த்த அவர் தம்பி யாவ் செத்துப்போனான். கோடை மதியத்தில் வெளி வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருந்தும், ஃபோர்மேன் ஜெபசிங் அவனைச் சாரத்தில் ஏற்றினான். தண்ணீர் கேட்டு இறங்கியவனை, "மாஃபி பிரேக், யல்லா", இடைவேளை கிடையாது, ஏறு என்று திருப்பி ஏற்றினானாம். மாரடைப்பு என்று எழுதி உடம்பை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.  அன்றிலிருந்து கோஜோ, ஜெபசிங் சாகவேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டார். ஆனால் ஜெபிக்கத்தான் வாய் வரவில்லை, எழுதிய ஆராய்ச்சி குறுக்கே நின்றது.

அந்த ஜெபசிங்கே ஒரு ஞாயிறு வந்து அவர் முன்னால் மண்டியிட்டான். யாவ் அனுப்பிய போட்டோக்களில் பார்த்த முகம். யாவுக்கு ஓர் அண்ணன் உண்டென்று அவன் விசாரித்திருந்தால்தானே, இவர் யார் என்று தெரிய?

"நாளைக்கு இருதய ஆபரேஷன் பாஸ்டர். பயமா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

கோஜோ அவன் தலையில் கை வைத்தார். அழுத்தியே வைத்தார். அவர் சொல்லச் சொல்ல, பிரபாவதி தமிழில் சொன்னாள்.

"ஆண்டவரே, இவரைச் சாகவிடாதேயும்."

"ஆமென்" என்றான் ஜெபசிங், அறை அதிர.

"தீர்க்காயுசு தாரும். நல்ல ஞாபகசக்தி தாரும்."

"ஆமென்."

"தண்ணீர் கேட்டுச் சாரத்திலிருந்து இறங்கிய என் தம்பி யாவின் முகத்தை, இவர் படுக்கும்போதும் எழும்போதும், ஒரு நாளும் தவறாமல் காட்டும்."

பிரபாவதி தயங்கினாள். பிறகு ஒரு சொல் விடாமல் சொன்னாள்.  கைக்குக் கீழிருந்து என்னவோ முனகல் வந்தது.

கோஜோ கையை எடுக்கவில்லை. கேட்கவில்லை என்றார்.

"கேக்கலையாம்" என்றாள் பிரபாவதி. "இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்கண்ணே."