கீழறை வாடை

கல்யாணப் பெண்ணுக்கு நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டை அவளுடைய அம்மாவே திருப்பிக் கொண்டுவந்தார். தையலில் குறையில்லையாம். "துணியெல்லாம் பூசண வாடை அடிக்குது, கோவிச்சுக்கிறாத ஆத்தா" என்றார். எனக்கு மானமே போயிற்று. அன்றைக்கே முடிவு செய்தேன்: ஒன்று அந்த வாடை போக வேண்டும், இல்லையென்றால் என் தையல் மிஷின் போக வேண்டும். மிஷினை விட எனக்கு மனசில்லை.

எங்கள் வீடு குரங்கணி போகிற ரோட்டில், சரிவில் இருக்கிறது. மேலே நாங்கள் குடியிருக்கிறோம். கீழே பாதி மண்ணுக்குள் ஓர் அறை. என் வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரம் பார்த்த காலத்தில் அதுதான் குடோன். வியாபாரம் நொடித்து நாலு வருஷமாகிறது. அதன்பிறகு நான் அங்கே மிஷினைப் போட்டேன்.

சாம்பிராணி போட்டேன், சுண்ணாம்பு அடித்தேன், மூலைக்கு மூலை அடுப்புக்கரி வைத்தேன். பின்சுவரை ஒட்டி வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிட்டதில் உள்ளங்கை கொப்புளித்துப் போனது. சுவர் காய்ந்தது. ஆனாலும் கதவைத் திறந்தால் அந்த வாடைதான் முதல் ஆளாக வந்து வாங்க என்றது.

காற்றுக்கு வழியே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இரண்டு வெண்டிலேட்டரையும் குடோனாக இருந்த காலத்திலேயே என் வீட்டுக்காரர் செங்கல் வைத்துப் பூசியிருந்தார். வெளிச்சம் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும் என்று எங்கள் ஊரில் காய் வைக்கிற அறையை இருட்டாகத்தான் வைத்திருப்பார்கள். காயே இல்லாத அறையில், பட்டப்பகலில் பல்பைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த என் புத்தியை என்ன சொல்ல.

உடைத்துவிடலாமா என்று கேட்டேன். அடுத்த சீசன் வரட்டும், பார்ப்போம் என்றார். போன வருஷம் வியாபாரத்தைப் பற்றிக் கேட்டபோதும் இதையேதான் சொன்னார்.

மறுநாள் காலையில் சுத்தியலும் உளியுமாக நானே இறங்கினேன். முதல் வெண்டிலேட்டரில் பாதி உடைத்திருப்பேன், சத்தம் கேட்டு வந்து நின்றார். சண்டைக்குத் தயாராகத்தான் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இங்க காய் போட முடியாதுல்ல?"

"முடியாதுங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. பிறகு என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டு போய், இரண்டாவது வெண்டிலேட்டரை அவரே உடைத்தார்.