நாற்காலியை அளந்த ஈஸ்வரி

கோட்டையூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் ஈஸ்வரிக்கு டேப் என்றாலே இளக்காரம். படியேறி வருகிற பெண்ணை ஒரு பார்வை பார்ப்பாள், மார்பு முப்பத்தாறு, கை பதினொன்று என்று சீட்டில் எழுதிவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் நாலு ஜாக்கெட்தான் அளவு தப்பியது என்பாள். அந்த நாலும்கூடப் போட்டவர்கள் வாயைக் கட்டாததால் வந்த வினையாம். இதெல்லாம் போன தை மாதம் வரைக்கும். இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் அவளே முந்திக்கொண்டு சிரிக்கிறாள். "என் கண்ணைக் கொண்டுபோயி அடுப்புல வைக்க" என்கிறாள்.

தை மாதம் கண்டனூரில் சாலா ஆச்சி வீட்டுக் கல்யாணம். ஆச்சிக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கையில் இரண்டு போன், இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசுவார். அந்த வீட்டுச் சுவரில் ஒரு சின்னப் பெண்ணின் ஆயில் பெயிண்டிங் உண்டு. கதவில் பாதி உயரம், மூலையில் 1887 என்று எழுதியிருக்கும். ஆச்சியின் பாட்டனாருக்கு அத்தை முறையாம், பெயர் சிட்டாள், அப்போது எட்டு வயது. அரக்குப் பாவாடை, பச்சைச் சட்டை. ஒரு கை நாற்காலியின் முதுகில், இன்னொரு கை இடுப்பில்.

"சிங்கப்பூர்லேருந்து என் தம்பி மக அபி வாரா. அவளுக்கும் எட்டு வயசு" என்றார் ஆச்சி. "இதே மாதிரி உடுத்தி, இந்தப் படத்துக்குக் கீழ நிக்க வச்சுப் போட்டோ எடுக்கணும். அளவு அனுப்பச் சொல்லவா? அந்தக் காலத்துத் தையக்காரன் கை இப்ப யாருக்கு வருது, அதான் யோசிக்கிறேன்."

ஈஸ்வரிக்குச் சுருக்கென்றது.

"அளவு செவத்துலயே நிக்கிதே ஆச்சி. எட்டு வயசுன்னா எட்டு வயசுதானே, எதுக்குக் கவலைப்படுறீக?"

மூன்று நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். முதல் நாள் துணியை மட்டும்தான் பார்த்தாள். கிட்டே போனால் ஜரிகை வெறும் மஞ்சள் தீற்றல். நாலடி தள்ளி வந்தால் பளபளவென்று ஜரிகை. எப்படித்தான் செய்தானோ என்று நாலைந்து தடவை முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்தாள், சமையல்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் முகம் தெரிந்தது. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. உதடு மட்டும் இறுகியிருந்தது. எதிரே யாரோ உட்கார்ந்துகொண்டு 'ஆடாதே' என்று சொல்கிற மாதிரி ஒரு முகம். அவளுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று.

எல்லாவற்றையும்விடப் பிடித்தது கைக்குழியிலிருந்து நெஞ்சுப் பக்கம் ஓடிய மூன்று சுருக்கம். "தையல் தெரிஞ்சவன்தான் வரைஞ்சிருக்கான்" என்று தலையாட்டிக்கொண்டாள். சட்டைக்கு முன்பக்கம் கொக்கி இல்லை. அப்படியானால் இடுப்பில் வைத்த கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று அதையும் கண்டுபிடித்தாள். இடுப்பில் கை வைத்து நிற்கும் ஒய்யாரத்தைப் பற்றிக் கேட்டபோது, "எங்க வீட்டுப் பொண்ணுகளுக்கே அந்த மிடுக்கு உண்டு" என்றார் ஆச்சி.

படத்தில் இருக்கும் நாற்காலி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. மூன்றாம் நாள் டேப்பை எடுத்து அதை அளந்து, அதிலிருந்து பிள்ளையின் அளவைக் கணக்குப் போட்டாள். பிள்ளையை விட்டுவிட்டு நாற்காலியை அளந்த டெய்லர் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான். தையலுக்குள் துணி விட்டால் வெளியே தடிக்கும், படத்தில் தடிப்பே இல்லை. அதனால் பின்னால் பிரித்துப் பெரிதாக்க உதவும் உள்துணி விடாமல் ஒட்ட வெட்டினாள்.

கல்யாணத்தன்று காலையில் அபி வந்து இறங்கினாள். கொழுகொழுவென்று ஊட்டி வளர்த்த பிள்ளை. பாவாடை தப்பித்தது. சட்டை நுழைந்தது, ஆனால் பக்கக் கொக்கிக்கும் அது மாட்டும் இடத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பிரித்துவிடலாம் என்று உள்ளே பார்த்தால் துணி எங்கே இருக்கிறது? வெளியே ஆச்சி, "போட்டோக்காரர் வந்தாச்சு" என்று கதவைத் தட்டினார். பதினெட்டு வருஷப் பேர் இன்றைக்குச் சபையில் கிழியப்போகிறது.

தாலிக்கொடியில் கிடந்த இரண்டு ஊக்கைக் கழற்றி அந்த இடைவெளியில் குத்தினாள். குத்தின இடம் பளிச்சென்று தெரிந்தது.

"மூச்சு முட்டுது ஆன்ட்டி."

"செத்த நேரந்தான் கண்ணு. இந்த எடத்துல கைய வச்சு மறைச்சுக்க. எடுத்துராத. ஆடாத."

அபி படத்துக்குக் கீழே போய் நின்றாள். ஒரு கையை நாற்காலி மேல் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு கையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அது இடுப்பிலேயே இருந்தது. "அப்படியே சிட்டாள்!" என்று கூட்டம் கைதட்டியது. ஈஸ்வரி அபியின் கைக்குழியைப் பார்த்தாள். மூன்று சுருக்கம். உதடு இறுகியிருந்தது. நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள்.

இறுக்கிப் பிடிக்கிற சட்டையில் அந்தச் சுருக்கம் விழும் என்று தொழில் பழக வந்த முதல் வாரமே அவளுக்குத் தெரியும். மூன்று நாள் உட்கார்ந்து அதைத்தான் ரசித்திருக்கிறாள். சிட்டாளின் கைக்கு அடியில் இருப்பது கொக்கி இல்லை, இதே இடைவெளிதான் என்பதும் இப்போது தெரிந்துபோயிற்று. வெட்கம் காது மடல்வரை ஏறியது. அதற்குப் பின்னாலேயே படத்துப் பிள்ளையின் நினைப்பு வந்தது. அபிக்கு இரண்டு நிமிஷம். பெயிண்டர் வரைந்து முடிக்கிறவரை அது எத்தனை நாள் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதோ.

ஆச்சி வந்து அவள் தோளைத் தட்டினார். "ஒன்னையப் போயிச் சந்தேகப்பட்டேனே ஈஸ்வரி. அந்தக் காலத்துத் தையக்காரன் கை அப்படியே ஒனக்கு வந்திருக்கு."

"ஆமா ஆச்சி, அப்படியேதான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் ஊக்கைக் கழற்றிவிட ஓடினாள் ஈஸ்வரி.