போனக்காட்டு முகவரி

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் நாங்கள் இருக்கும் சந்திலிருந்து, ஒரு வருடத்துக்குள் நான்கைந்து குடும்பங்கள் போனக்காட்டுக்குக் குடிபோயின. ஒருவரும் வீட்டைக் காலி செய்யவில்லை. வாசலில் அதே செருப்புகள் கிடந்தன. மாடிக் கொடியில் அதே துணிகள் காய்ந்தன. டிவி கம்பெனியின் கணக்கில் மட்டும் அவர்கள் மலையேறியிருந்தார்கள்.

அதற்கு முந்தைய வருடம் கழுத்தில் அட்டை மாட்டிய ஆட்கள் சந்துக்குள் வந்தார்கள். பெட்டி இலவசம், இன்டர்நெட் இலவசம், முதல் சில மாதம் பாதிக் காசு என்றார்கள். தமிழ் சேனல்கள் எல்லாம் உண்டா என்று பெண்கள் கேட்டார்கள். உண்டு என்றதும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வருடத்துக்கு நிறுத்தக் கூடாது, நடுவில் நிறுத்தினால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எனக்கு அது படிக்க வராது. படிக்கத் தெரிந்தவர்களும் படிக்கவில்லை.

பிறகு இன்னொரு கம்பெனி இன்னும் மலிவாக வந்தது. எல்லாருக்கும் மாற வேண்டும், யாருக்கும் அந்தத் தொகையைக் கட்ட மனமில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார். அவர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர். கம்பெனியின் வயர் போகாத ஊருக்கு வீடு மாறினால் தொகை கிடையாது, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று அதே காகிதத்தின் கடைசியில் இருந்தது. அண்ணாச்சி முதலில் திருநெல்வேலி என்று சொல்லிப் பார்த்தார். அங்கே கம்பெனிக்குக் கிளை இருந்தது. நாகர்கோவில் என்றார். அங்கேயும் இருந்தது.

"இந்த வயர் போகாத ஊரே உலகத்துல இல்லியா?" என்று எங்கள் வீட்டு நடையில் நின்று கேட்டார்.

"எங்க ஊருக்குக் கரண்டே நெனச்சா வரும், நெனச்சா போவும். அங்கயா வயர் வரப் போவுது?" என்றாள் என் மனைவி.

அவள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அக்கா, எனக்கு மதினி, தோட்டத்தில் வேலை நின்றதும் கணவரோடு கீழே இறங்கி வந்து, வாடகைக்கு வீடு பிடித்து, கிழக்கேகோட்டையில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றார். மலையில், லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீட்டில், அவர்களுடைய ஒற்றை அறை பூட்டிக் கிடந்தது. அந்த அறைதான் அண்ணாச்சியின் புது முகவரி. விசாரிக்க வீட்டுக்காரர் நம்பர் வேண்டுமென்று கம்பெனியில் கேட்டபோது, மதினியின் நம்பரைக் கொடுத்தார்கள். கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மதினி கிழக்கேகோட்டைச் சமையல்கட்டில் கூட்டுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டே, "ஆமா, இங்கதான் வந்துருக்காக, நல்லா இருக்காக" என்று சொன்னாராம். அதை என் மனைவி சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

அண்ணாச்சிக்கு நடந்ததைக் கேட்டு எதிர்வீடு வந்தது, மாடிவீடு வந்தது. பிறகு பக்கத்துச் சந்துகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மனைவி யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை.

"அக்கா எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க நிக்கிற கடையில வத்தல் மூட்டைக்குத் தண்ணி தெளிச்சு எடை போடுதாங்க. நீங்க என்னைக்காவது வாயத் தொறந்துருக்கீங்களா? கம்பெனிக்காரன் மட்டும் உங்களுக்கு மாமனா மச்சானா?"

நான் மொத்த வியாபாரக் கடையில் மூட்டை தைக்கிறவன். அவள் சொன்னது உண்மைதான்.

அண்ணாச்சியின் வாதம் வேறு. "அவன் யாருக்கும் புரியாம எழுதி வச்சு நம்மளப் புடிச்சான். அவன் எழுதி வச்சதக் காட்டியே நாம வெளிய வந்தோம். இதுல எங்க இருக்கு தப்பு?" என்பார். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கும். அந்தக் கடைசி வரி எதற்காக எழுதப்பட்டது, யார் அப்படி வயர் இல்லாத ஊருக்குப் போவார்கள் என்று அன்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது.

மழைக்காலம் முடிந்த சமயம் மலையிலிருந்து மதினிக்குத் தகவல் வந்தது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் லயத்து அறைகளை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். மதினிக்கும் சகலைக்கும் இந்த உலகத்தில் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த அறை ஒன்றுதான். சகலை உடனே பஸ் ஏறிப் போய்க் கூரையைச் சரிபார்த்துக் கூட்டிப் பெருக்கி உட்கார்ந்துகொண்டார். மதினி சமையல் வேலையை விட்டார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார். மிச்சம் இருந்தது டிவி ஒன்றுதான். அவரும் அதே கம்பெனியில், அதே இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதில் ஒரு வருடம்கூட முடியவில்லை.

"தம்பி, நீங்க கூட வாங்க. ஆம்பள ஒருத்தர் நின்னா மதிப்பாங்க" என்றார். நான் நின்று யாரும் மதித்ததில்லை. ஆனாலும் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் மலையாளி. எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினாள். மதினி பெட்டியை மேசைமேல் வைத்து, போனக்காட்டுக்குப் போகிறோம் என்றார். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். முகவரி கேட்டாள். நம்பர் கேட்டாள். மறுபடியும் தட்டிப் பார்த்தாள்.

"சேச்சி, அந்த முறியில எத்தற ஆளு தாமசிக்கும்?"

மதினிக்கு விளங்கவில்லை. அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வாடகைக்குக் கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, "நெருக்கிப் படுத்தா நாலு பேரு படுக்கலாம்மா" என்றார்.

"இவிட கணக்குல பதினேழு பேரு உண்டு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, அந்த முகவரிக்கும் அந்த நம்பருக்கும் இனி சலுகை இல்லை என்றாள்.

மதினி பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். அதில் போனக்காடு என்றுதான் இருந்தது.

"இது பண்டே உள்ளதல்லே சேச்சி? இந்தக் கார்டை வச்சிட்டுத்தானே இத்தற வருஷமா டவுன்ல இருந்தீங்க?"

"நான் நெசமாவே போறேன்மா" என்றார் மதினி.

"அப்போ மத்தவங்க?"

மதினி ரேஷன் கார்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். மற்றவர்கள் போகவில்லை என்று சொன்னால் தன் விஷயம் நேராகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அந்தப் பெண் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தைப் பார்த்தேன். அதில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவளே ஒன்று சொன்னாள். தொகையைக் கட்டலாம். இல்லாவிட்டால் வயர் போகிற இடத்தில் இருக்கும் வேறு யார் பேருக்காவது மாற்றிக் கொடுக்கலாம், அவர்கள் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். தொகை மதினி ஒரு மாதம் அடுப்படியில் நின்று வாங்குகிற சம்பளத்துக்குக் குறையாமல் இருந்தது. பெட்டியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு நடந்தோம். வழியில் மதினி, "பிள்ள நல்ல பிள்ளதான், என்ன?" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் மதினியை வைத்துக்கொண்டே மனைவி அண்ணாச்சியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். அவர் மோவாயைத் தடவினார்.

"மாத்திக்கலாம். எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவன் கணக்குல நான் இந்த வீட்டுலயே இல்லையே. போனக்காட்டுல இல்லா இருக்கேன்?"

"அப்ப எறங்கி வாரும்!" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எதிர்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் அதே கதைதான். இந்தச் சந்தில் இருக்கிறேன் என்று அவர்களில் யாரும் அந்தக் கம்பெனியில் போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் பழைய தொகையும் சேர்ந்து வரும். அண்ணாச்சி இன்னொரு யோசனை வைத்திருந்தார்.

"பேசாம மலைக்குப் போயிருங்க மதினி. கட்டாட்டி என்ன செய்வான்? ஃபோன் வந்தா எடுக்காதீங்க. யானை வர்ற காட்டுக்குள்ள ஆள் விட்டுத் தேடவா போறான்?"

"எடுக்காம இருக்கணுமா?" என்றார் மதினி. "அங்க மேட்டுல ஏறி நின்னாத்தான் ஃபோனே கேக்கும். ஏறி நின்னு, யாருன்னு பயந்துக்கிட்டு, அப்புறமா கட்டிக் குடுத்த எம் மககிட்டப் பேசணுமாக்கும். போதும் அண்ணாச்சி. கட்டிட்டே போறேன்."

அவர் சமையல் வீட்டில் கடைசியாக வாங்கிய சம்பளம் சேலை முந்தியில் இருந்தது. அதை அவர் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்தப் பணம் மலையில் முதல் மாதம் அரிசிக்கு.

மறுநாள் கடைக்குப் போகாமல், பெட்டிப் பையை எடுத்துக்கொண்டு நான் தனியாகக் கவுண்டருக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அங்கே போனதும் பாதி மறந்துவிட்டது. "எம் பேருக்கு மாத்துங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சேட்டன் எங்கேயும் போகுந்நில்லல்லோ?" என்று கேட்டாள்.

"இல்ல. இங்கதான்."

விரலை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான். மதினி மத்தியான பஸ்ஸில் சாக்குகளோடு போனார். ஜன்னல் வழியாக, "ஒரு நாளைக்கு வந்து தங்கிட்டுப் போங்க தம்பி" என்றார்.

எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது சாதாரணக் கேபிள். இரண்டுக்கும் காசு கொடுக்க எங்களால் முடியாது. கேபிளை நிறுத்த வேண்டியிருந்தது. கேபிள்காரர் எங்களைவிட மூத்தவர், மாதாமாதம் பழைய ஸ்கூட்டரில் வந்து தானே காசு வாங்கிக்கொண்டு போகிறவர். மழையில் படம் போனால் இரவு என்றும் பார்க்காமல் மரத்தில் ஏறுவார். அவரிடம் நாங்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் சொன்னாள். மதினிக்காக என்பதையும் அவளே சொன்னாள். முழுக்கதையையும் சொல்லவில்லை.

"அதினென்ன" என்றார் அவர். ஏணியைச் சாத்தி, ஜன்னல் மேலிருந்த வயரைக் கழற்றி, முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவே சுற்றினார். அந்த மாதம் பாதியில் இருந்தது. நான் முழு மாதக் காசை நீட்டினேன்.

"இது எதுக்கு? பாதி மாசம்தானே ஓடியது?" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"வச்சிக்கிடுங்க" என்றேன்.

"ஓடாத மாசத்துக்கு நான் காசு வாங்கினதில்ல" என்றார். வயர்ச் சுருளை ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார். நான் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே மனைவி புதுப் பெட்டியை மாட்டிவிட்டு, படம் தெளிவாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள்.