வடித்த தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கு மேல்புறம் ஒரு மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, மாவு ஆலை இருந்தது. அதன் கழிவுநீர் ஊறி எங்கள் கிணறு கெட்டுப்போனது. என் மனைவி தினமும் காலையில் குடத்தோடு இரண்டு வயல் தாண்டி வேறொரு கிணற்றுக்கு நடந்தாள். அந்தக் கழிவுநீரைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் எடுப்பதுதான் என் ஆராய்ச்சி. "இது ஜெயிச்சா நம்ம கெணறு தெளியும்" என்று அவளிடம் வாய் கிழியச் சொல்லியிருந்தேன்.

விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டதால், வீட்டு விறகுப்புரையில் மூடிய கேன் ஒன்றை வைத்தேன். அடியில் கோபர் கேஸ் எனும் சாண எரிவாயுத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொதிக்கவைத்த சேறு. அதில் பிழைத்த நுண்ணுயிர்கள்தான் ஹைட்ரஜன் தருபவை. மேலே ஆலைக் கழிவுநீர். இரண்டு நாள் வாயு குமிழ் குமிழாக வந்தது, மூன்றாம் நாள் நின்றது. வாயுவோடு அமிலமும் உண்டாகும். அது சேர்ந்தால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். நான் பனையில் அக்கானி இறக்கும் ஊர்க்காரன்; அந்தப் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவோம். புளிப்பென்றதும் கை சுண்ணாம்புக்குத்தான் போனது. போட்டேன், வாயு வந்தது. மறுபடி நின்றது. இன்னும் போட்டேன். கடைசியில் ஒரு குமிழ்கூட இல்லை. எரிச்சலில் கேனை ஓர் உதை விட்டேன்; வலித்தது எனக்குத்தான்.

அடுப்படியில் மனைவி மரச்சீனி வேகவைத்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். அதில் கட்டு என்கிற நஞ்சு உண்டு, வடிக்காமல் எங்கள் ஊரில் யாரும் தின்னமாட்டார்கள். சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"சுண்ணாம்பு போட்டா கட்டு போவுமா? வெள்ளத்த வடிச்சுக் களையணுமாக்கும்."

அவள் சொன்னது சரி. சுண்ணாம்பு புளிப்பை அடக்கியதே தவிர, அமிலம் உப்பாக உள்ளேயே கிடந்தது. சேறு அடங்கியபின் மேல்நீரைக் காற்றுப் புகாமல் குழாயால் இறக்கி, அதே அளவு புதுக் கழிவுநீர் விட்டேன். தினமும் அப்படியே செய்தேன். பத்து நாள் வாயு நிற்கவில்லை. வாயுவைப் பிடித்துத் தீக்குச்சி காட்டினால் சோதனைக்குழாய் 'டப்' என்றது; ஹைட்ரஜனேதான். தலைகால் புரியாமல் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, பாத்தியா?"

"பாத்தேன். வடிச்ச வெள்ளத்த எங்க ஊத்துதிய?"

விறகுப்புரைக்குப் பின்னால் ஒரு குழியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் கிணற்றுக்கு ஏழெட்டு அடிதான். வாயுவை எடுத்துவிட்டேன், புளிப்பு முழுதும் மிச்சம். ஆலைக்காரனை எதற்காகத் திட்டினேனோ அதையே நானும் செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"அப்பம் நம்ம கெணறு?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அவள் குடத்தை எடுத்தபோது, இன்னொரு குடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.