கண் பாப்பாவுக்குத் தையல்

கண் ஆபரேஷன் செய்கிறவர்களுக்குக் கை நடுங்கக் கூடாது. அதனால் நடுக்கமெல்லாம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. என்றைக்காவது ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்திருந்த உங்களுக்கு இது நான் சொல்லாமலே புரியும். மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் சின்னக் கண் மருத்துவமனைக்குத் தேசம்மா வந்தபோதுதான் என் வயிறு மிக மோசமாகக் கலங்கியது.

வெயில்

தேசம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவர். படகை இழுத்தபோது கயிறு அறுந்து, இரும்புக் கொக்கி வலது கண்ணில் அடித்துவிட்டது. அன்றே வேறோர் ஆஸ்பத்திரியில் கண்ணைத் தைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். ஆனால் உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பழுப்புத் திரை, ஐரிஸ், ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. அதன் நடுவில் துளையாக இருக்கும் கண் பாப்பா சுருங்கவே இல்லை. இடது கண்ணோ சிறு வயதிலிருந்தே மங்கல்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாமே என்றேன். போட்டால் மீன் வெட்டும்போது விரல் தெரியவில்லையாம். கழற்றினால் எல்லாமே வெள்ளையாம்.

"வெயிலு கண்ணுக்குள்ளயே கொட்டுது டாக்டரம்மா. கடைய இருட்டுலயா போடுவேன்?"

ஏழுமலையின் கேள்வி

மிச்சமிருக்கும் ஐரிஸை இழுத்துச் சேர்த்துத் தைக்கலாம். நூல் முடியைவிட மெல்லியது, திரையோ நனைந்த காகிதம் மாதிரி. கிழியலாம், ரத்தம் கசியலாம், இருக்கிற பார்வையும் போகலாம் என்றெல்லாம் சொன்னேன். தேசம்மாவோடு வந்திருந்த கணவர் ஏழுமலை மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க கண்ணா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

பச்சைத் துணிக்கடியில்

தைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். அடையாறில் என் வீடு போய்ச் சேரும்வரை, சொல்லியிருக்க வேண்டாமோ என்றே மனசுக்குள் ஓடியது.

அவர்கள் சம்மதித்தார்கள். கண்ணை மட்டும் மரத்துப்போகவைத்துத்தான் ஆபரேஷன், ஆள் விழித்திருப்பார். முதல் தையல் நன்றாக விழுந்தது. அடுத்ததை இறுக்கும்போது திரையின் ஓரம் கிழிந்தது. மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் சிவப்பு. கண்ணுக்குள் திரவத்தைப் பாய்ச்சி அழுத்தத்தை ஏற்றிவிட்டு, ரத்தம் நிற்கக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது, நான் நிமிரவில்லை. அப்போது முகத்தை மூடிய பச்சைத் துணிக்கடியிலிருந்து தேசம்மாவின் குரல்.

"இன்னா டாக்டரம்மா, சத்தமே காணோம்? இங்கதான் கீறியா, போய்ட்டியா?"

கட்டு பிரித்த காலை

ரத்தம் ஒருவழியாக நின்றது. கிழிந்த இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளித் தைத்து முடித்தேன்.

மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது ஏழுமலை ஜன்னலைச் சாத்தப் போனார். தேசம்மா கையைக் காட்டித் தடுத்தார். கண்ணைத் திறந்தார். நீர் வழிந்தது, ஆனால் மூடவில்லை. தெருவில் போன ஆட்டோவைப் பார்த்து, மஞ்சள் என்றார்.

ஆனால் கண் பாப்பா வட்டமாக வரவில்லை. வெள்ளரி விதை போல நீண்டிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்து, தயங்கித் தயங்கி விளக்க ஆரம்பித்தேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கோணலா கீது, இருந்துட்டுப் போவட்டும். மீன் வாங்க வர்றவங்க மீனோட கண்ணத்தான பாப்பாங்க?"

மரத்துப்போக மருந்து நோயாளிக்கு மட்டும்தான் தருகிறார்கள் என்பதே இந்தத் தொழிலைப் பற்றி எனக்கிருக்கும் ஒரே புகார்.