மூன்று கட்டத்திலும் ஒரே பெயர்

சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன். மெதுவாகக் கற்பவர், அடிக்கடி வராதவர், அடங்காதவர் என்று படிவத்தில் மூன்று கட்டங்கள். என் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பெயர் மூன்றிலும் வரும்போலிருந்தது. மை வாசனையில் கீழ்வேளூர்ப் பக்கத்து நான் படித்த பழைய பள்ளி நினைவுக்கு வந்துவிட்டது.

கூலி உயர்வு கேட்டு அறுப்பு நின்றுபோன வருஷம் அது. அப்பா சங்கத்தில் இருந்தார். வாத்தியாரோ மிராசுதாரின் மைத்துனர். "அவரு எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு" என்று சொல்லித்தான் அம்மா அனுப்புவாள்.

"உங்கப்பன் நேத்து எந்தக் கூட்டத்துக்குப் போனான்?"

"தெரியாதுங்க."

"ஏழெட்டு எவ்வளவு?"

அதிலும் ஏதோ கண்ணி இருக்குமென்று, "தெரியாதுங்க" என்றேன். மந்தம் என்று எழுதிக்கொண்டார். தெருவுக்குள் போலீஸ் வந்த நாட்களில் பள்ளிக்குப் போகாததால் வராதவள் ஆனேன். சங்க நோட்டீஸ் தேடி என் பையைத் துழாவ அவரை விடாததால் அடங்காதவளும் ஆனேன்.

பேனாவை மூடிவிட்டுச் சிறுமியைக் கூப்பிட்டேன். "வீட்ல என்னம்மா சொல்லி அனுப்புறாங்க?"

நான் அந்த வாத்தியாரைப் பார்த்த அதே பார்வை.

"தெரியாது டீச்சர்."